தெரியவில்லை என்று சொன்ன பெட்டி

"உன் கண்ணைக் கட்டி ஒரு பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்கன்னு வை. யார்கிட்டயும் கேக்கக் கூடாது. எந்த ஸ்டாப் வந்திருக்குன்னு எப்படிச் சொல்லுவே?"

பள்ளிப் படிப்பு முடிந்த விடுமுறையில், சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் சித்தப்பாவின் தம்பி. சிறிய விமானம் ஓட்டுகிறவர். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "வாசனையை வச்சு" என்று எதையோ உளறினேன். மேசையே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்காமல், "நீ சும்மா இரு தம்பி" என்று விமானியின் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை ஓங்கிப் போட்டாள். கேள்வி எனக்கு, குத்து அவளுக்கு. அது ஏன் என்று பிறகுதான் எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள்.

சித்தி படித்த பள்ளி வீட்டிலிருந்து வெகு தூரம். மாலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். வாயைப் பிளந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் தோளில் சாய்ந்து, உலகம் மறந்த தூக்கம். ஆனால் தன் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் பொம்மைக்குச் சாவி கொடுத்தது போல எழுந்து நிற்பாள். நடத்துநருக்கு இது தீராத வேடிக்கை. "அலாரத்தை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கே?" என்று தினமும் கேட்பார்.

அலாரம் சாலையில் இருந்தது. மரக்கடைக்கு எதிரே ஒரு பள்ளம். அப்புறம் ரயில் கேட்டில் இரட்டைக் குலுக்கல். கொஞ்ச தூரம் வழவழவென்று போய், கடைசியில் முதுகெலும்பையே உலுக்கி எடுக்கும் ஒரு வேகத்தடை. அதைத் தாண்டினால் வீடு. தலை தூங்கினாலும் முதுகு எண்ணிக்கொண்டே வரும்.

ஒரு நாள் சாலையைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். பள்ளமும் இல்லை, வேகத்தடையும் இல்லை. சித்தி பேருந்துப் பணிமனை வரை போய், இருக்கைக்கு அடியில் பெருக்க வந்த ஆள் துடைப்பத்தால் காலைத் தட்டிய பிறகுதான் கண் திறந்தாள். தேடி வந்த தன் அப்பாவிடம், "ரோடு மாறிப்போச்சு, நான் என்ன பண்றது?" என்று தேம்பித் தேம்பி அழுதாளாம். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, "ரோடு மாறிப்போச்சு" என்பதுதான் சாக்கு.

வளர்ந்து பொறியியல் படித்த சித்திக்குக் கிடைத்த வேலையும் கிட்டத்தட்ட அதே வேலைதான்; பேருந்துக்குப் பதில் விமானம், அவ்வளவே.

விமானத் தளத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் அவர்கள் நிறுவனம். ஒரு பாதியில் கழற்றிப்போட்ட சக்கரங்களும் பெயிண்ட் டப்பாக்களும். மறு பாதியில் கண்ணாடித் தடுப்புக்குள் சில கணினிகள், ஒரு கால் உடைந்து செங்கல்லில் நிற்கிற நாற்காலி, எப்போதும் சூடாக இருக்கும் டீ கெட்டில். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அன்றைக்கு மட்டும் அலுவலகத்தில் வாக்குவாதமே நடக்காது.

அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. நம் கைபேசி போலவே விமானமும் ஜிபிஎஸ் மூலம் செயற்கைக்கோளைப் பார்த்துத்தான் வழி தெரிந்துகொள்கிறது. மலைகளுக்கு நடுவே அந்தச் சிக்னல் சில நேரம் விட்டுப்போகும். சில நேரம் வேறு சிக்னல்கள் புகுந்து கெடுத்துவிடும். அப்போது தரையின் மேடுபள்ளத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விமானத்தில் இரண்டு உயரமானிகள் உண்டு. காற்றழுத்தத்தை வைத்து, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று ஒன்று சொல்லும். மற்றொன்று கீழே ரேடார் அலையை அனுப்பி, அது முட்டித் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அடியில் இருக்கும் நிலத்தின் உயரம் கிடைத்துவிடும். விமானம் போகப் போக அந்த உயரங்களைக் கோத்து ஏற்ற இறக்கமாக ஒரு கோடு விழும். பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தில் அதே கோடு எங்கே பொருந்துகிறதோ, விமானம் அங்கே இருக்கிறது.

வரைபடமும் அந்தத் தேடலும் சித்தியின் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே "மேடுபள்ளம்". ஆனால் விமானத்தில் மட்டும் ஏற மாட்டாள். ஊஞ்சலில் ஆடினாலே அவளுக்குக் குமட்டும். வெள்ளோட்டங்களை எல்லாம் கொழுந்தனை ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் கொண்டுவரும் பதிவுகளைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பாள்.

குளிர்காலம் முழுவதும் பெட்டி சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. மேலாளர் வாய் நிறையச் சிரித்தார். மலைப்பக்கத்து மருத்துவமனைகளுக்கு மருந்து கொண்டுபோகும் விமான நிறுவனம் ஒன்று விலை பேச வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், வெயில் தொடங்கிய பின் நடந்த முதல் வெள்ளோட்டத்தில் பெட்டி மூக்கை உடைத்துக்கொண்டது.

அந்தப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைத்தொடர்கள் வரும். பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றுக்கு "அண்ணன் தம்பிகள்" என்று பெயர். விமானம் இரண்டாவதைத் தாண்டும்போது, மூன்றாவதைத் தாண்டிவிட்டதாகப் பெட்டி சொன்னது. கொஞ்சமாவது தயங்கியதா என்றால் அதுவும் இல்லை. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூன்றாவதற்கு அப்பால்தான் இறங்கு தளம். வானம் தெளிவாக இருந்ததாலும், சரிபார்க்க ஜிபிஎஸ் திரை தனியாக இருந்ததாலும் விமானி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். மூடுபனியில் அதை நம்பி இறங்கியிருந்தால் மலைமேல் போய் இறங்கியிருக்க வேண்டியதுதான்.

"அண்ணி, உங்க பெட்டி நம்ம குடும்பத்து ஆள்தான், சந்தேகமே இல்ல," என்றார் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே. "ஸ்டாப் தப்பினதுகூடத் தெரியாம ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு."

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த வெள்ளோட்டத்துக்கு மருந்து கம்பெனி அம்மாவே நேர்ல வராங்க. அன்னிக்கும் இது தப்பா சொன்னா பெட்டியைக் கழட்டி வச்சிடலாம். அப்புறம் நீங்க கீக்கீ பிரிவுக்குப் போயிடுங்க."

கீக்கீ பிரிவு என்றால், காரைப் பின்னால் எடுக்கும்போது கத்துமே, அந்தக் கருவியைச் செய்யும் பிரிவு. அது நல்ல பிரிவுதான், நல்ல சம்பளமும்கூட. ஆனால் சித்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதை மூட்டை கட்டி அலமாரியில் வைக்க அவள் விடுவதாக இல்லை.

கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டாள். எங்கேயும் ஓட்டை இல்லை. உயரமானிகளைக் கழற்றிச் சோதித்தார்கள். அவை சமர்த்தாக இருந்தன. வரைபடமும் துல்லியம் என்று பேர் வாங்கியது. கடைசியில் விமானிதான் சொன்னார்: "அண்ணி, நீங்க பாக்கறது எல்லாம் கோடு. ஒரு தடவ வந்து மலையைப் பாருங்களேன்."

"நான் வந்தா உன் விமானத்தை அப்புறம் நீதான் கழுவணும்."

"பை தரேன். ஒண்ணு இல்ல, ஒரு கட்டு தரேன். வாங்க."

சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். விமானம் தரையை விட்டதும் முதல் பை நிறைந்துவிட்டது. மலைகள் வந்தபோது இரண்டாவது பை மடியில் இருந்தது. முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கீழே பார்த்தாள். முதல் மலை மொட்டைப் பாறை. இரண்டாவது அடர்ந்த காடு, கண் கூசும் பச்சை. மூன்றாவது மறுபடியும் பாறை.

"தம்பி, இந்த மரமெல்லாம் எப்ப வந்துச்சு?"

"மரம் எப்பவும் இங்கதான் இருக்கு அண்ணி. குளிர்ல வெறும் குச்சியா நிக்கும். இலைதான் இப்ப வந்திருக்கு."

சித்தி பையை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரைபடத்துக்கான அளவுகளை எடுத்தது இலையுதிர்ந்த காலத்தில். அப்போது ரேடார் அலை வெறும் கிளைகளுக்கு நடுவே புகுந்து தரையைத் தொட்டுவிடும். இப்போது இலைக் கூரையில் முட்டித் திரும்பிவிடுகிறது. அதாவது, விமானத்துக்கு இரண்டாவது மலை ஒரு மரத்தின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மூன்றாவது மலை இரண்டாவதைவிட எவ்வளவு உயரம்? ஏறத்தாழ ஒரு மரத்தின் உயரம்!

"ரோடு மாறிப்போச்சு!" என்று சித்தி கூவினாள்.

"அய்யய்யோ, அண்ணி, அழுதுடாதீங்க!" என்றார் விமானி.

அழவில்லை. இறங்கியதும் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். காடு இருக்கும் இடங்களுக்கெல்லாம் இனி வரைபடத்தில் இரண்டு உயரம்: இலை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. கணினியில் பழைய பதிவை ஓட்டிப் பார்த்தால், பெட்டி இரண்டாவது மலையைச் சரியாகக் கண்டுபிடித்தது. மேலாளருக்கு நிம்மதி. சித்திக்குத்தான் இல்லை. பாதி துளிர்த்த காடு என்றால்? யாரோ மரத்தை வெட்டிப் போயிருந்தால்? நிலம் ஒவ்வொரு முறை மாறும்போதும் அவள் ஓடிப்போய் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

இதே யோசனையோடு ஒரு மாலை சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை எழுதிய பலகை. அதன் எதிரே ஒரு பெரிய மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசி வரியைத் தடதடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துகூடச் சரியில்லை.

அவர் போனதும் சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "பாத்தியா? பாதிப் பேர் இப்படித்தான். தெரியலன்னு சொன்னா நான் ஏதோ ஃபெயில் போட்டுடுவேன்னு நினைச்சு ஊகிச்சு அடிக்கறாங்க. அப்புறம் கண்ணாடி சரியில்லன்னு சண்டைக்கு வராங்க. தெரியலன்னு வாயைத் திறந்து சொல்றவங்களுக்குத்தான் நான் சரியான கண்ணாடி போட முடியும்."

சித்தி அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "என்னடி அப்படிப் பாக்கறே?" என்றார் அவர். "ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் நீங்க உருப்படியா ஒண்ணு பேசியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் பெட்டியும் அந்தப் பெரிய மனிதரைப் போலத்தான் இருந்தது. இரண்டு இடங்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பொருந்தினாலும், கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தியதை எடுத்துக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டுவிடும். சித்தி அதை மாற்றினாள். அப்படி இரண்டு இடங்கள் போட்டி போட்டால் இரண்டையும் திரையில் புள்ளியாகக் காட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அடுத்து வரும் நிலம் இரண்டில் எது என்று தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும்வரை விமானி உயரத்தைக் குறைக்கக் கூடாது.

மேலாளர் மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"அதுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லும் சார்."

"அம்மா தாயே! இத்தனை வருஷமா வியாபாரம் பண்றேன். தெரியலன்னு சொல்ற பொருளை யாரும் வாங்கி நான் பாத்ததில்ல."

"தப்பா சொல்ற பொருளை ஒரே ஒரு தடவ வாங்குவாங்க சார்."

மேலாளர் கெட்டிலைத் தூக்கி டீ ஊற்றினார். டீ வரவில்லை, காலி. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "சரி. அந்த அம்மா முன்னாடி அது எரிஞ்சதுன்னா நான் உங்க பக்கம் பேச மாட்டேன். கீக்கீ பிரிவுல ஜன்னலோரமா ஒரு சீட் சொல்லி வச்சிடறேன்."

விளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று சித்திக்கே ஓரிரு முறை தோன்றியது. பழையபடி பச்சை மட்டும் எரிந்தால், நல்லபடியாக முடியவும் வாய்ப்பு இருந்தது. ஆனாலும் விட்டுவைத்தாள்.

வெள்ளோட்ட நாள் காலையில் மருந்து நிறுவனத்தின் முதலாளியம்மா வந்தார். குட்டையான உருவம், கையில் பெரிய கைப்பை, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. "இந்தச் செருப்புப் பெட்டிதானா?" என்று கேட்டுவிட்டு முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தார். சித்தி அவருக்குப் பின்னால், மடியில் பைக்கட்டோடு. மேலாளர் கடைசி இருக்கையில், சரிபார்க்கும் ஜிபிஎஸ் திரைக்கு முன்னால். அதை அவரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. எல்லோர் காதிலும், பேசவும் கேட்கவும் ஹெட்போன்.

முதல் மலை வந்தது. பச்சை. புள்ளி சரியாக மலைமேல் நின்றது. முதலாளியம்மா தலையை ஆட்டினார். சித்தி ஒரு பையைப் பிரித்தாள்.

பிறகு காடு வந்தது. நடுவில் அடித்த ஆலங்கட்டி மழை ஓரவஞ்சனை செய்திருந்தது. ஒரு சரிவில் இலை அடர்ந்திருந்தது. மறு சரிவில் இலை உதிர்ந்து மறுபடி பாதிக் குச்சி. திரையில் ஒரு புள்ளி இரண்டாயிற்று. ஒன்று இரண்டாவது மலைமேல், இன்னொன்று மூன்றாவதன்மேல். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இது என்ன மஞ்ச லைட்டு?" என்றார் முதலாளியம்மா.

பின்னாலிருந்து மேலாளர் முந்திக்கொண்டார். "அதுவா, அது ஒண்ணும் இல்லீங்க மேடம். சும்மா ஒரு... அழகுக்கு."

முன்னால் விமானிக்கு இருமல் வந்தது. சித்திக்கு வாயைத் திறக்கவே பயம். திறந்தால் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் திறந்தாள். "அழகுக்கு இல்லீங்க. அதுக்கு இப்ப எங்க இருக்கோம்னு தெரியல."

"தெரியலயா?"

"ரெண்டு இடத்துல ஒண்ணு. எதுன்னு சொல்லத் தெரியல. தெரியற வரைக்கும் இறங்கக் கூடாதுன்னு சொல்லுது."

மேலாளர் முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதலாளியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு புள்ளிகளும் அடம்பிடிக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே நகர்ந்தன. 'மாறு, மாறு' என்று சித்தி மனத்துக்குள் கெஞ்சினாள். இரண்டாவது மலைக்கு அப்பால் பழைய கல்குவாரி ஒன்று உண்டு. ஆழமான சதுரப் பள்ளம். மூன்றாவதற்கு அப்பால் வெறும் சமவெளி, இறங்கு தளம். இப்போது கீழே இருப்பது இரண்டாவது என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளம் வந்தாக வேண்டும்.

வந்தது. உயரக்கோடு கிணற்றில் விழுந்தது போலத் தடாலென்று இறங்கி, மறுபடி ஏறியது. மூன்றாவது மலையின் புள்ளி அணைந்தது. பச்சை எரிந்தது.

"மரக்கடைப் பள்ளம் தாண்டியாச்சு அண்ணி!" என்று விமானி கத்தினார்.

"சார், ஜிபிஎஸ் என்ன சொல்லுது?" என்றாள் சித்தி.

மேலாளர் மெல்லத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "அதே இடம்தான்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கூவினார்: "அச்சு அசலா அதே இடம்தான் மேடம்!"

முதலாளியம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். "போன மாசம் எங்க விமானி ஒருத்தர் மேகத்துக்குள்ள போய், ரொம்ப உறுதியா வழி சொல்லி, பக்கத்துப் பள்ளத்தாக்குல இறங்கினார். மனுஷங்களுக்கு வச்சிருந்த மருந்தை மாட்டு ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வந்துட்டார். டாக்டர் போன் பண்ற வரைக்கும் அவருக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்கறவங்க எல்லாருமே எல்லாம் தெரிஞ்சவங்கதான். எனக்கு இந்த மஞ்ச லைட்டுதான் வேணும். அதைக் கழட்டிட்டுக் குடுத்தா வாங்க மாட்டேன்."

"கழட்டறதா! மேடம், அந்த லைட்டுக்காகத்தான் பெட்டியே செஞ்சோம்," என்றார் மேலாளர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

சித்தி குனிந்துவிட்டாள். அவள் முகம் பைக்குள் இருந்தது. ஆனால் தோள்கள் குலுங்கியது சிரிப்பால்தான் என்று விமானி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அன்று மாலை வீட்டுக்குப் பேருந்தில் வந்தாள். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு ஒரேயடியாக இறங்கியதில், உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. விழித்தபோது எதிரே பார்த்தே இராத ஒரு கடைவீதி. சின்ன வயதுச் சித்தியாக இருந்தால் சாலைமேல் பழிபோட்டுக் கண்ணைக் கசக்கியிருப்பாள். இவள் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி, "எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியலங்க, நீங்க சொல்லுங்களேன்," என்று வாய்விட்டுச் சிரித்தாளாம். மூன்று நிறுத்தம் தள்ளி வந்திருந்தாள். நடந்தே திரும்பினாள்.

அந்தப் பெட்டி இப்போது மருந்து விமானங்களில் பறக்கிறது. கீக்கீ பிரிவின் ஜன்னலோர இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று முடிவாகவில்லை. கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் வாசனை, கீசனை என்று உளறுவதில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டு முழித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பேருந்தில் தூங்கிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சித்திக்குக் கோபம் வரும், வரட்டும். ரொட்டித் துண்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.